மெர்டேக்காவுக்கு மொட்டையடித்த மேடு

என் அண்ணி பூங்காவனத்திடம் வாய் கொடுத்துத் தப்பியவர் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பக்கம் யாரும் கிடையாது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் அண்ணன் தியாகுவைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்த அன்றே, வீட்டின் பின்னால் இருந்த செம்மண் மேட்டைப் பார்த்து, "என்னங்க, மேடு இப்படி மொட்டையா நிக்குது!" என்றாள்.

அவள் பயந்தபடியே ஐம்பத்தாறாம் வருஷத்து மழையில் மேடு சரிந்து அடுப்படிக்குள் வந்துவிட்டது. "இன்னொரு தடவை மண்ணு விழுந்தா வீட்டைக் காலி பண்ணிடணும்" என்று வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்தான். அண்ணியோ மலைக்குப் போய், தாய்வீட்டுச் சீர் மாதிரி ஒரு கோணி நிறைய வெட்டிவேர்த் தூர்களோடு வந்து இறங்கினாள். அங்கே சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புல்தானாம். மேட்டின் குறுக்கே வரிசை வரிசையாக நெருக்கி நட்டாள்.

பக்கத்து வீட்டு நல்லையா அண்ணன் ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை வேலை வாங்கியவர். மரத்தடியில் ஒரு லாலான் புல் தலைநீட்டினாலும் சுரண்டி எடுத்துவிட வேண்டும் அவருக்கு. "புல்லு வளக்குறியே தங்கச்சி, மாடு கீடு வாங்கப் போறியா?" என்று சிரிப்பார்.

அடுத்த ஆண்டு மெர்டேக்கா வந்தது. நாடு விடுதலை வாங்கும்போது தெரு காடாக இருக்கலாமா என்று நல்லையா அண்ணன் மம்பட்டியோடு கிளம்பிவிட்டார். தன் வீட்டு மேட்டைச் சுரண்டிவிட்டு, அண்ணி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், உபகாரமாக எங்கள் மேட்டுக்கும் வந்தார். வெட்டிவேர் அசையவில்லை. லாலான் வேர் பக்கவாட்டில் ஓடும். இது நேரே கீழே இறங்கியிருந்தது. கடைசியில் அரிவாளால் தரையோடு அறுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்த அண்ணி போட்ட கூச்சல் தெங்கேரா வரைக்கும் கேட்டிருக்கும்.

"சுத்தம் பண்ணேன் தங்கச்சி..."

"எதைச் சுத்தம் பண்ணீங்க? என் குடித்தனத்தையா?"

ஊரே கொடி பார்க்கப் போனது. அவள் மேட்டில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த மனுஷன்மேல் அப்படியொரு ஆத்திரம்!

ஆனால் அந்தப் புல்லுக்கும் அண்ணியின் பிடிவாதம்தான். வேர் உள்ளே பத்திரமாக இருந்ததே! சில வாரங்களில் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது.

வருஷக் கடைசி மழை விடாமல் கொட்டியது. பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். விடிந்து பார்த்தால், நல்லையா அண்ணன் வழித்துச் சுரண்டிய மேடு அவருடைய கோழிக்கூண்டின்மேல் கிடந்தது. எங்கள் மேடு நின்ற இடத்தில் நின்றது! மேலிருந்து வழிந்த மண்ணைக்கூட ஒவ்வொரு வரிசைப் புல்லும் தடுத்து வைத்திருந்தது. வீட்டுக்காரர் வந்தார், சுற்றிப் பார்த்தார். "நீங்க இங்கேயே இருங்கம்மா" என்றார். அண்ணி மூட்டைகளைப் பிரித்து, முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்தாள்.

சாயந்திரம் நல்லையா அண்ணன் வந்து நின்றார். ஒரு கையில் வெறும் கோணி, இன்னொரு கையில் மம்பட்டி.

"தங்கச்சி, எனக்கும் கொஞ்சம் தூரு குடேன்."

"தாராளமா தர்றேண்ணே. முதல்ல அந்த மம்பட்டியை இப்படிக் குடுங்க."

கொடுத்தார். அதை வைத்தே அவர் மேட்டில் முதல் வரிசைக்கு அண்ணி பள்ளம் வெட்டினாள்.