இரண்டு கண்களையும் இமைக்கவும்

டெப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது, ஆனால் அதை மேனேஜரே யோசித்துத்தான் சொல்வார். மீசை முளைத்த வயதில் பேருந்து ஓட்ட வந்தவர், இப்போது மீசையில் பாதி நரை. முன்னால் போகிற சைக்கிள்காரர் திரும்பப் போகிறாரா, சும்மா தலையை ஆட்டுகிறாரா என்று தெரிகிற வரை பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவார். "நேத்து ஏறினவங்களை இன்னைக்கு இறக்கிவிடற வண்டி" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள். பயணிகள் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதே பதில் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தார். தண்ணீர் வாய்க்குள் நிற்கவில்லை. வலது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. மறுபடி கொப்பளித்தார், மறுபடியும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தபோது இடது பக்கம் அவராகவும் வலது பக்கம் தூக்கம் கலையாத யாரோ ஒரு ஆளாகவும் இருந்தது.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த மாத்திரை எந்தப் பெட்டியில் என்பதோடு, சுவரில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை வாசகங்களும் அவளுக்கு மனப்பாடம். குளியலறை வாசலில் நின்று ஒரு கணம் பார்த்தாள்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க."

தூக்கினார். இரண்டு கையும் ஒரே உயரத்தில் நின்றன. பக்கவாதமென்றால் ஒரு கை இறங்கியிருக்கும். ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கவாதம் இல்லை என்று டாக்டரும் சொன்னார். முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, தானாகச் சரியாகிவிடும், சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம். அதுவரை வலது கண் மூடாது. சொட்டு மருந்து விட வேண்டும், தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது.

"ஓட்டவே கூடாதா?"

"மூடாத கண்ணுல தூசி விழுந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருப்பாங்களே" என்றார் டாக்டர். நிதானம் தலையை ஆட்டினார். அது அவருக்குப் புரிகிற பேச்சு.

வேலைக்குப் போகாத நாட்களுக்கு டெப்போ சம்பளம் தராது. அதற்குத்தான் மாதாமாதம் பிடித்து அரசாங்கக் காப்பீட்டில் கட்டிவருகிறார்கள், நோய்க்கால உதவித்தொகை அங்கிருந்து வரும் என்றார் டெப்போ கிளார்க். "முன்னெல்லாம் நாங்களே ஒரு தாள் எழுதி அனுப்பிடுவோம். இப்ப எல்லாம் ஆன்லைன். நீங்கதான் உங்க கணக்குக்குள்ள போயி, நீங்கதான்னு காட்டிட்டு, விண்ணப்பம் போடணும்."

"நான்தான்னு எப்படிக் காட்டறது?"

"முகத்தைத்தான். வேற எதைக் காட்டுவீங்க?" என்று சிரித்தவர், அவர் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

இந்த மாதிரி விஷயங்களுக்கு வீட்டில் ஓர் அதிகாரி உண்டு: மனைவியின் தம்பி. ஏசி பழுது பார்ப்பது தொழில், கைப்பேசிகளோடு மல்லுக்கட்டுவது சேவை. அன்று மாலை பையை இறக்கி வைக்காமலேயே வேலையைத் தொடங்கினான். காப்பீட்டு எண்ணைப் போட்டான், கைப்பேசிக்கு ரகசிய எண் வந்தது, அதையும் போட்டான். திரையில் ஒரு வட்டம் வந்தது.

"மாமா, இதுக்குள்ள முகத்தை வைங்க. அது சொல்றதைச் செய்யுங்க."

இரண்டு கண்களையும் இமைக்கவும் என்றது திரை. நிதானம் இமைத்தார். இடது கண் மூடித் திறந்தது. வலது கண் கடைக்காரர் மூட மறந்துவிட்டுப் போன ஷட்டர் போல் அப்படியே திறந்திருந்தது. இமைக்கவும் என்றது திரை மறுபடி.

"கொஞ்சம் நார்மலா வைங்க மாமா முகத்தை."

அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவன் விளக்குப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டான். விளக்கு பிரச்சினை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் எதையாவது செய்தாக வேண்டுமே. கடைசியில் அவளே பக்கத்தில் வந்து நின்று, திரை இமைக்கச் சொன்ன கணத்தில் ஒற்றை விரலால் அவர் வலது இமையை மெல்ல இழுத்து மூடினாள்.

ஒன்றுக்கும் மேற்பட்ட நபர்கள் தென்படுகிறார்கள் என்றது திரை.

"என் விரல் ஒரு ஆளா?" என்றாள் அவள்.

அதோடு முயற்சிகள் முடிந்துவிட்டன, நாளை வாருங்கள் என்று வட்டம் மறைந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் இமைப்பதையே தாண்டவில்லை. அதைத் தாண்டினால் புன்னகைக்கவும் என்று ஒன்று இருக்கிறது என்று தம்பி யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான். அதைக் கேட்டபோது நிதானத்துக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. பாதிதான் வந்தது.

உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். மனிதர் யாரும் எடுக்கவில்லை. பதிவு செய்த குரல் ஒன்று தேன் ஒழுகப் பேசி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று வாயால் சொல்லச் சொன்னது. நோய்க்கால உதவிக்கு, மருத்துவப் பலன் என்று சொல்லவும்.

உதடு ஒட்டாமல் மருத்துவப் பலன் என்று சொல்லிப் பார்த்தால்தான் அவர் பட்ட பாடு தெரியும். ம வரவில்லை, ப வரவில்லை. நடுவில் காற்று வந்தது. மன்னிக்கவும், புரியவில்லை என்றது குரல். திருப்பிச் சொன்னார். மன்னிக்கவும். மனைவி கைப்பேசியைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல், "மருத்துவப் பலன்!" என்று கத்தினாள். உடனே புரிந்துகொண்டது. பிறகு பாதுகாப்புக்காகக் கணக்குதாரரின் குரலைச் சரிபார்க்க வேண்டும், அவர் பிறந்த தேதியைச் சொல்லவும் என்றது. அவர் பிறந்தது மே மாதம்.

"வை அதை" என்றார் நிதானம்.

நேரில் போனார்கள். அவள் கடையில் விடுப்பு எடுத்தாள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சொல்லாததையும் அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள். காப்பீட்டு அலுவலக வாசலில் காவலாளி முன்பதிவுச் சீட்டு கேட்டார். முன்பதிவு எங்கே செய்வது? உங்கள் கணக்குக்குள். கணக்கைத் திறக்க முடியாமல்தானே வந்திருக்கிறோம்? அதற்கு முன்பதிவு வேண்டும். செக்குமாடாவது நடந்த நடைக்கு எண்ணெய் எடுக்கும். நிதானம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் முகத்தையும் அந்த வழிகிற கண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, ஏதோ போன் வந்ததுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கணினியில் அவர் படத்தை வரவழைத்தாள். படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் சார். நல்லாவே தெரியுது. புருவத்துல அந்தத் தழும்புகூட இருக்கு."

"அப்ப திறந்துவிடுங்கம்மா" என்றாள் மனைவி.

"நான் பாத்து ஒண்ணும் ஆகாதும்மா. அது பாக்கணும்." திரையைக் காட்டினாள்.

"அப்ப நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

கேட்ட பிறகுதான் அது அவளுக்கே சுருக்கென்று பட்டது. ஆனால் அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. "அதைத்தாம்மா நானும் தினம் கேட்டுக்கறேன்" என்றாள். மேசைக்கு அடியில் தேடி, மாற்றுச் சரிபார்ப்பு என்று தலைப்பிட்ட ஒரு தாளை எடுத்தாள். டாக்டர் சான்றிதழை இணைத்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு தட்டில் வைத்தாள். "தலைமை அலுவலகம் போகும். போகும்னு உறுதியாச் சொல்வேன். எப்ப திரும்பி வரும்னு மட்டும் கேக்காதீங்க." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள், சாமிக்குத்தான் கண் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் வந்தார்கள். ஓட்டியது அவருக்குத் தெரியாத புதுப் பையன். வளைவில் அவன் பிரேக்கைத் தாமதமாகப் போட்டபோது, நிதானத்தின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மனைவி பார்த்தும் பார்க்காததுபோல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் கடையில் கூடுதல் நேரம் வேலை செய்தாள். அவர் பாத்திரம் கழுவினார், துணி மடித்தார், மீதி நேரம் சும்மா இருந்தார். சும்மா இருப்பது இத்தனை களைப்பான வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீடியோவில் கூப்பிட்டால் இடது கன்னத்தை மட்டும் காட்டி, "நல்லாயிருக்கேம்மா, நல்லாயிருக்கேன்" என்பார். "ஏம்ப்பா எப்பப் பாரு சுவத்தைப் பாத்தே பேசறீங்க?" என்பாள் அவள்.

பிசியோதெரபிக்கு வாரம் ஒருமுறை போனார். அங்கேயும் கண்ணை மூடச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள். வித்தியாசம் என்னவென்றால், வரவில்லை என்றால் பயிற்சி கொடுக்கிற பெண் "பரவாயில்ல, விடுங்க" என்பாள். "பலத்தைக் காட்டாதீங்க. அவசரப்படுத்தினா நரம்பு தப்பா முளைக்கும். சிரிச்சா கண்ணு மூடிக்கும், சாப்பிட்டாக் கண்ணுல தண்ணி வரும்" என்று எச்சரித்தும் அனுப்பியிருந்தாள்.

ஒரு மதியம் மனைவி எதையோ மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தாள். கண்ணாடி முன்னால் அவர் நின்றிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது இமையை மூட முயன்றுகொண்டிருந்தார். விரலால் அழுத்தி அழுத்தி இமையின் ஓரம் தடித்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"நாளைக்கு ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்னு."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு உங்ககிட்ட?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ ரெண்டு வேளையும் நின்னுட்டு வர்றே. கால் வீங்கியிருக்கு. நான் என்ன பண்ணட்டும், உக்காந்து துணி மடிக்கட்டுமா?" ப எல்லாம் ஃப ஆகி, கோபமே குழந்தை மழலைபோல் வந்தது. அது அவரை இன்னும் கோபப்படுத்தியது. "ஒரு கண்ணை மூடறதுக்கு வக்கில்ல எனக்கு."

அவள் பையைக் கீழே போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. அவள் குரல்தான் உயரும், அவர்தான் தணிப்பார். இப்போது யார் தணிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"காசு வராட்டிப் போகட்டும்" என்றாள் கடைசியில். "மூஞ்சி வரட்டும். எனக்கு அது போதும்." சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துவந்து, அவரை உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினாள். இரண்டு கண்ணிலிருந்தும் வழிந்தது. சொட்டு ஒரு கண்ணில்தான் விட்டாள்.

கைப்பேசியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்கள். தம்பியிடமும் சொல்லிவிட்டாள், மாமாகிட்ட அந்தப் பேச்சை எடுக்காதே என்று.

சரியாகும்போது யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் டீ வழியாமல் உள்ளே போனது. இன்னொரு நாள் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. பிறகு ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "சோப்பு எரியல" என்றார். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கண் மூடியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தாள். வலது இமை இடதைவிடச் சற்றுத் தாமதமாக, சோம்பேறி வேலைக்காரன் மாதிரி இறங்கி ஏறியது. அன்றைக்கு இருவருமே கைப்பேசியைத் தொடவில்லை.

சில நாள் கழித்துத் தம்பி வந்து முகத்தைக் காட்டவைத்தபோது வட்டம் பச்சையானது. புன்னகை கோணலாகத்தான் இருந்தது, ஆனால் புன்னகைதான் என்று ஒப்புக்கொண்டது. விண்ணப்பம் போயிற்று, பணமும் வந்தது. ஆனால் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய, அந்தப் பெரிய, வறண்ட காலத்துக்கு ஏதுமில்லை, உரிய நேரத்தில் விண்ணப்பிக்காததால் என்று குறிப்பு போட்டிருந்தது. அதே வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: கணக்கு ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டதால் தங்கள் மாற்றுச் சரிபார்ப்புக் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.

"அந்தக் காலத்துக்கும் குடுக்கணும்னு மேல்முறையீடு செய்யலாம் மாமா. அதுக்கும் ஒரு தடவை முகம் காட்டணும்."

நிதானம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். டெப்போ டாக்டர் பார்த்து அனுமதி கொடுத்துவிட்டார், திங்கள்கிழமை வண்டி ஏறச் சொல்லியிருந்தார்கள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டறேன்" என்றார் அவர். "இன்னைக்கு வேணாம். இன்னைக்குச் சும்மா இருக்கட்டும் இந்த மூஞ்சி."

தம்பி திரையை அணைத்தான். அவள் எழுந்து போய் மூவருக்கும் டீ போட்டாள்.