வேட்பாளரின்ர மனிசன்

தேர்தலில நிக்கிறது கஷ்டம் எண்டு சொல்லுறவைக்கு, நிக்கிறவவைக் கட்டின மனிசனா இருக்கிற தொழிலைப் பற்றி ஒண்டும் தெரியாது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, நோட்டீசில பேரும் இல்லை. கார் ஓடுறது, பேர்ப் பலகை அடிக்கிறது, கூட்டத்துக்குக் கடிக்க றோல்ஸ் எடுக்கப் போறது, படத்தில ஓரமா நிண்டு சிரிக்கிறது, எல்லாம் எங்கட தலையில. உங்கட வீட்டிலயும் ஆராவது கோயில் சபைக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ நிண்டிருந்தா நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட வீட்டில நிண்டது ரொறன்ரோ சிற்றி கவுன்சிலுக்கு, அதுதான் மாநகர சபைக்கு.

நிண்டது என்ர மனிசி சுகந்தி. முதியோர் இல்லத்தில வேலை செய்யிறா. ரொறன்ரோவுக்குள்ள ஸ்காபரோவில எங்கட பில்டிங்குக்கு முன்னால பெரிய றோட்டு ஒண்டு ஓடுது. பஸ் தரிப்பு மற்றப் பக்கம். சிக்னல் லைற் இருக்கிற சந்தி எட்டத்தில எண்டபடியால், வயது போனதுகள் அங்கை போகாமல் குறுக்கால விழுந்து ஓடுங்கள். போன மாரிக் குளிரில, எங்கட மாடியில இருக்கிற பரமேஸ் அன்ரியை ஒரு கார் தட்டிப்போட்டுது. உயிர் தப்பினது கடவுள் புண்ணியம். இப்ப வோக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறா, அதே றோட்டைத்தான் கடக்கிறா.

அந்த இடத்தில ஒரு லைற் போடுங்கோ எண்டு சுகந்தி கவுன்சிலரின்ர ஒஃபிசுக்கு எழுதிக்கொண்டே இருந்தா. உங்கட அக்கறைக்கு நன்றி எண்டு ஒவ்வொருக்காலும் மறுமொழி வந்தது, லைற் வரேல்லை. ஒருநாள் சாப்பிடேக்கை நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்காமல், "உமக்கு இவ்வளவு கோவமெண்டா நீரே நில்லுமன்" எண்டு பகிடியாச் சொல்லிப்போட்டன். அடுத்த கிழமை அவ சிற்றியில போய்ப் பேர் குடுத்திட்டு வந்து நிக்கிறா. வேலியால போன ஓணானை எடுத்து மடிக்குள்ள விட்ட கதைதான்.

முடிவெடுக்கிறது ஆர்?

முதல் நாள் வாக்குக் கேக்கப் போன வீட்டில ஒரு அங்கிள் கதவைத் திறந்தார். இளைப்பாறின மனிசன், கதைக்க ஆள் கிடைக்காத மனிசன். சுகந்தி தன்ரை பேரைச் சொல்லி, ஏன் நிக்கிறன் எண்டும் சொல்லி முடிச்சா. அவர் வடிவாத் தலையாட்டிப்போட்டு, என்னைப் பாத்து வீட்டுவரி ஏன் கூடினது எண்டு கேட்டார். எனக்கென்ன தெரியும்? சுகந்தி மறுமொழி சொன்னா. அவர் அதுக்கும் தலையாட்டிப்போட்டு, குப்பை லொறி ஏன் நேரத்துக்கு வாறேல்லை எண்டு திரும்பவும் என்னைத்தான் கேட்டார். இப்பிடியே அவ சொல்ல, அவர் என்னைக் கேக்க, நான் ரெண்டு பேருக்கும் நடுவில சுவர் மாதிரி நிண்டன்.

கடைசியில பொறுக்கேலாமல், "அங்கிள், நிக்கிறது நான் இல்லை, இவதான்" எண்டன். எங்கட வீட்டில என்ன கறி எண்டு தீர்மானிக்கிற அதிகாரம் கூட எனக்கு இல்லை எண்டு அந்த மனிசனுக்கு எப்பிடிச் சொல்லுறது? அவர் என்ர தோளில தட்டினார். "அது தெரியும் தம்பி. ஆனா பிள்ளை வெண்டாப் பிறகு முடிவெடுக்கிறது நீங்கள்தானே?"

நிறைஞ்ச மண்டபம்

எங்கட தேர்தல் வேலைக்குப் பொறுப்பா வந்தவர் தவராசா அண்ணை. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தில அவர் தலைவராக்காத ஆள் இல்லை, அவரைத் தவிர. அறிமுகக் கூட்டத்துக்கு மண்டபம் எடுப்பம், சனத்தை நான் கொண்டு வாறன் எண்டார். சொன்ன மாதிரியே கொண்டும் வந்தார். கார் விட இடமில்லை. றோல்ஸ் முடிஞ்சு, கொத்து றொட்டி முடிஞ்சு, பிள்ளையளின்ர ஜூஸும் முடிஞ்சுது. பொன்னாடை போர்த்திப் போர்த்திச் சுகந்தியின்ர முகம் தெரியேல்லை. நான் பின்னுக்கு நிண்டு பாத்து, வெண்டிட்டாள் என்ர மனிசி எண்டு நினைச்சுக் கண்கலங்கினன். உண்மையைச் சொல்லுறதுக்கென்ன, கொஞ்சம் பயமும் வந்தது. இனி வீட்டில சமையல் முழுக்க நான்தானே.

சுகந்தி மைக்கைப் பிடிச்சு நன்றி சொல்லிப்போட்டு, எங்கட வட்டாரத்தில இருக்கிறாக்கள் ஒருக்காக் கையை உயர்த்துங்கோ, வீட்டுக்கு முன்னால பலகை நடவேணும் எண்டு கேட்டா. சனம் ஆளை ஆள் பாத்துது. முன்வரிசை முழுக்கப் பக்கத்து ஊர் மார்க்கம். நடு வரிசை றிச்மண்ட் ஹில். பின்னுக்கு இருந்து கைதட்டினதெல்லாம் அஜாக்ஸ், ஒருத்தருக்கும் எங்கட சிற்றியில வோட் இல்லை. உயர்ந்த கையளை எண்ண ஒரு கை விரல் காணும், அதில ஒண்டு கொத்து போட வந்த பெடியன்ர கை. நான் தவராசா அண்ணையைப் பாத்தன். அந்த மனிசன்ர முகத்தில ஒரு கவலையும் இல்லை. "வோட் இல்லாட்டிலும் பரவாயில்லைத் தம்பி, எங்களிட்டைச் சனம் இருக்கெண்டு காட்டிட்டம்."

பெரிய விசயமும் சின்ன விசயமும்

பில்டிங்குகளில கதவு தட்டினா ஒரு வசதி, மழையில நனையத் தேவையில்லை. ஒரு கதவைத் திறந்த அக்கா எங்களை உள்ள கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணியும் தந்தா. சுகந்திக்கு நல்ல சந்தோசம். லைற்றைப் பற்றி விளங்கப்படுத்தினா. அக்கா முழுக்கக் கேட்டுப்போட்டு, அறைக்குள்ள போய் ஒரு பெரிய கவர் கொண்டு வந்தா. அவவின்ர தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிடப் போட்ட கேஸ், ரெண்டு தரம் திரும்பி வந்திட்டுதாம்.

சுகந்தி பொறுமையா, உது ஒட்டாவாவில இருக்கிற மத்திய அரசின்ர வேலை அக்கா, சிற்றியின்ர வேலை றோட்டு, குப்பை, பனி தள்ளுறது எண்டு சொன்னா. அக்கா கவரை மூடினா. தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்தா, நான் பாதிதான் குடிச்சிருந்தன். "தம்பியைக் கூப்பிடுற பெரிய விசயமே செய்யேலாதவை, லைற் போடுற சின்ன விசயத்தை எங்கை செய்யப் போறியள்?"

ரெண்டு பலகை

சிவஞானம் அங்கிளின்ர வீடு எங்கட பில்டிங்குக்குப் பக்கத்து மூலை வீடு. அந்தப் புல்லுத் தரையில ஒரு பலகை நட்டா, றோட்டால போற எல்லாருக்கும் தெரியும். கேட்ட உடன ஓமெண்டார். நான் சுத்தியலோட போய் நட்டுப்போட்டு வந்தன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, எங்கட பலகைக்குப் பக்கத்தில, முட்டுற மாதிரி, இப்ப இருக்கிற கவுன்சிலரின்ர பலகை. அதே உயரம். ஒண்டை ஒண்டு மறைக்காமல் அளவெடுத்து நட்டிருக்கு.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரோ களவா நட்டிட்டாங்கள் எண்டு புடுங்கப் போனன். அங்கிள் உடுத்த சாரத்தோட ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சார். தானேதானாம் ஓமெண்டது. "கவுன்சிலர் என்ர அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்து கேக் வெட்டின மனிசன். உம்மட மனிசி என்ர அம்மாவைக் கடைசி வரைக்கும் கழுவித் துடைச்ச பிள்ளை. ஆரைத் தம்பி நான் வேண்டாமெண்டுறது?"

காருக்குள்ள

ஒருநாள் பின்னேரம் எல்லா வேட்பாளரையும் ஒரு மண்டபத்தில கூப்பிட்டுப் பேச விட்டவை. சுகந்தி கண்ணாடிக்கு முன்னால நிண்டு பேசிப் பழகினவ. தன்ரை முறை வந்த உடன அந்த றோட்டைப் பற்றி, பரமேஸ் அன்ரியைப் பற்றி, குரல் நடுங்காமல் சொன்னா. எனக்குப் பெருமையா இருந்தது. பிறகு கவுன்சிலர் எழும்பினார். சிரிச்ச முகம், நல்ல குரல். அந்த விசயம் ஆய்வில இருக்கு எண்டார். சனம் கைதட்டிச்சுது. ஆய்வுக்கும் கைதட்டுற சனத்தை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

கார்ப் பார்க்கில வந்து இருந்த உடன சுகந்தி அழத் துவங்கினா. மூண்டு மாதமா என்ன நடந்தாலும் அழாத மனிசி. அதுவரைக்கும் நான் உள்ளுக்குள்ள, இவ தோத்தா நல்லது, பழையபடி சிவனே எண்டு இருக்கலாம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். அந்த நினைப்பு அண்டைக்குப் போட்டுது. தோத்தா என்ன, முயற்சி செய்தம்தானே எண்டு சொல்லித் தேற்றப் பாத்தன். அவ மூக்கைத் துடைச்சுப்போட்டு என்னை முறைச்சுப் பாத்தா. "தோக்கிறதுக்கு ஆர் பயம்? இந்த மாரியில அந்த மனிசி திரும்ப அந்த றோட்டைக் கடக்குமே, அதை ஜன்னலால பாத்துக்கொண்டு நிக்கத்தான் பயம்."

யோசிச்சுப் போட்ட வோட்

தேர்தல் அண்டு நான் விடிய வெளிக்கிட்டு, வயது போன ஆக்களைக் காரில ஏத்தி இறக்கினன். சிவஞானம் அங்கிளும் வெள்ளை வேட்டியோட வந்து ஏறினார். போகேக்கை என்னோட வருவாராம், வரேக்கை கவுன்சிலரின்ர ஆக்களின்ர காரில வருவாராம். அவையும் கேட்டவையாம், மனம் நோகக் கூடாதாம். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு காரை ஓடினன்.

ஆள் உள்ள போய்க் கன நேரம் வரேல்லை. ஏதும் சுகமில்லாமல் போட்டுதோ எண்டு நான் வாசலடிக்குப் போக, சிரிச்சுக்கொண்டு வாறார். வோட்டுத் தாளை எண்ணுற மெஷினுக்குள்ள போட அது திருப்பித் தள்ளினதாம். அங்கை நிண்ட பிள்ளை, ஒரு ஆளுக்குத்தான் போடலாம், வேற தாள் தாறன் எண்டு சொன்னதாம். அங்கிள், என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டன். "வேண்டாம் பிள்ளை, நான் யோசிச்சுத்தான் ரெண்டு பேருக்கும் போட்டனான், அப்பிடியே தள்ளி விடு எண்டு சொன்னன்."

ஆறுதல்

தோத்திட்டம். ஆனா ஆரும் நினைக்காத அளவுக்குக் கிட்ட வந்து தோத்திட்டம். வோட் எண்ணின இரவு கவுன்சிலரின்ர ஆக்கள் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் இருந்தவை எண்டு பேந்து கேள்விப்பட்டன். அடுத்த நாள் முழுக்க ஃபோன் ஓயேல்லை. நாங்கள் வீட்டோட எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டனாங்கள், என்னெண்டு தோத்தது எண்டு ஒவ்வொருத்தரும் துக்கம் விசாரிச்சினம். அஜாக்ஸில இருந்து எடுத்தவையும் அதைத்தான் சொல்லிச்சினம். நான் ஃபோனைப் பறிச்சு நிப்பாட்டப் பாத்தன். சுகந்தி விடேல்லை, எல்லாருக்கும் நன்றி சொல்லி முடிச்சுப்போட்டுத்தான் படுத்தா. "இவ்வளவு பேரும் எனக்குத்தான் போட்டவையெண்டா, நான் இண்டைக்கு மேயரெல்லோ?"

லைற்

வெயில் துவங்கின உடன ஒருநாள் எங்கட பில்டிங்குக்கு முன்னால ஆக்கள் வந்து றோட்டைக் கிண்டிச்சினம். பேந்து கம்பம் நட்டினம். ஆய்வில கிடந்தது எப்பிடி இவ்வளவு கெதியாச் சுகப்பட்டது எண்டு நான் கேக்கேல்லை. லைற் போட்ட அண்டு கவுன்சிலர் வந்தார், படம் பிடிக்கிற ஆள் வந்தான். பரமேஸ் அன்ரியை நல்ல சேலை உடுத்து வரச்சொல்லிப் பக்கத்தில நிப்பாட்டி, தோளில கை போட்டுப் படம் எடுத்தவை. பழைய மாணவர் சங்கத்தின்ர சார்பில தவராசா அண்ணை பொன்னாடை போர்த்தினார். கவுன்சிலருக்குத்தான். நான் வேலை முடிஞ்சு வந்த சுகந்தியோட பஸ் தரிப்புப் பக்கம் நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. கத்தவேணும் போல இருந்தது. அவ என்ர கையை இறுக்கிப் பிடிச்சா.

எல்லாரும் போன பிறகு, கடைக்குப் போறதுக்கு அன்ரி பில்டிங் பக்கத்தில வோக்கரோட தனிய நிண்டா. சுகந்தி எங்கட பக்கக் கம்பத்துப் பட்டனை அமத்தினா. கார் எல்லாம் நிண்டுது, ஒரு பஸ்ஸும் நிண்டுது. ஆறுதலா, நடு றோட்டில மூச்சு வாங்கி நிண்டு, சேலைத் தலைப்பையும் சரி பண்ணிக்கொண்டு, அன்ரி கடந்து வந்தா. சுகந்தி பாத்துக்கொண்டே நிண்டா, கண் நிறைஞ்சு போச்சு. இந்தப் பக்கம் ஏறின உடன அன்ரி அவவின்ர கன்னத்தைத் தடவினா. "பாத்தியே பிள்ளை, கேக்காமலே லைற் போட்டுத் தந்த மனிசன். இப்பிடி ஒரு நல்ல ஆளோட நீ ஏனம்மா போட்டிக்குப் போனனீ?"

இந்தத் தொழிலில நான் கண்டது என்னெண்டா, ஒரு வேலை நடக்கவேணுமெண்டா தேர்தலில வெல்லவேணுமெண்டில்லை, வெல்லுற ஆளை ஒரு இரவு நல்லாப் பயப்பிடுத்தினாலே காணும், ஆனா பொன்னாடை மட்டும் உங்கட வீட்டுக்கு வராது.