பம்புசெட்டுக்கு அப்பால்

நனைந்த சம்பங்கியின் வாசம் எங்கிருந்து வந்தாலும் முதலில் என் கெண்டைக்கால்தான் விறைக்கிறது. போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவர் கல்யாண மாலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இருக்கை.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாத உடம்பு இது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் ரோட்டில் கொட்டினேன். கூட ஓடியவன் என் பள்ளிக்கூடத்துத் தோழன், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன். மதுரையில் நடக்கவிருந்த மாரத்தானுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே பேர் கொடுத்தோம். அதற்குள் அவன் நெஞ்சில் ஸ்டென்ட் வைக்கவேண்டியதாகிவிட்டது. நடக்கலாம், ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதையே அவன் மனைவி என்னிடம் வேறு மாதிரி சொன்னாள்.

"அண்ணே, இவரு ஓடுனாருன்னு தெரிஞ்சா இவரக் கேக்க மாட்டேன். உங்களத்தான் கேப்பேன்."

"நான் எங்கடி ஓடப்போறேன்? வண்டியில முன்னாடி போயி இவனுக்குத் தண்ணி வைக்கப்போறேன், அம்புட்டுதான்" என்றான் அவன்.

அப்படியே செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்பே மொபெட்டில் போய் ஆங்காங்கே தண்ணீர் பாட்டிலை வைத்துவிடுவான். வழி பிரிகிற இடங்களில் விற்காமல் தங்கிய சம்பங்கியில் ஒரு கை அள்ளி ரோட்டில் போட்டுவிட்டுப் போவான். பூ கிடக்கிற பக்கம் நான் திரும்பவேண்டும். "சாக்பீஸ்ல கோடு போட்டா அழிஞ்சிரும் மாப்ளே. பூன்னா எவனும் வண்டிய மேல ஏத்த மாட்டான், ஒதுங்கித்தான் போவான்" என்பான். உண்மைதான். எங்கள் பக்கத்தில் ரோட்டில் கிடக்கும் பூவை யாரும் மிதிப்பதில்லை.

அது மார்கழி. விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. சிறுமலை இருந்த திசையில் மலை இல்லை, வெறும் பால். நான் ஓட்டத்தைத் தொடங்கும் பஸ் நிழற்குடைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"சார், சுகர் எம்புட்டு இருக்கு?"

"சுகர் இல்லண்ணே."

"அப்புறம் யாரு சார் இப்பிடி வெரட்டுறா?"

சிரித்துக்கொண்டே மண்பாதையில் இறங்கினேன். வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடி கேட்டது. என் காலுக்கு அரை நொடி தள்ளி விழுந்தது. மெதுவாக்கினால் அதுவும் மெதுவானது. திரும்பிப் பார்த்தேன். பனியும் கரையோரக் கோரைப்புல்லும்தான். எதிரொலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈர மண்ணில் எதிரொலி ஏது?

தென்னந்தோப்புப் பம்புசெட்டில் தொட்டிச் சுவர்மேல் பாட்டிலும் ஒரு கைப்பிடிப் பூவும் இருந்தன. நின்று குடித்தேன். காலடியும் நின்றது. மோட்டார் ஓடவில்லை. குழாயின் வாயில் ஒரு சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஓடினேன். கொஞ்சம் கழித்து அதுவும் ஓடியது. முன்னைவிட லேசாக, செருப்பில்லாத கால்போல.

அடுத்துப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பூ கிடந்தது. இடது பக்கம். வழக்கமாக வலது பக்கம்தான் போவோம். இன்றைக்கு வழியை மாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். பூவும் ஒரு கை இல்லை, பாதை நெடுகக் கிடந்தது. மார்க்கெட்டில் விலை விழுந்துவிட்டது, அதுதான் தாராளம் என்றுகூடத் தோன்றியது. பின்னால் காலடி நெருங்கி வந்தது. நான் பூவைப் பார்த்தே ஓடினேன். சம்பங்கிக்கு நடுவே செவ்வந்தி வந்தது. பிறகு ரோஜா இதழ். பிறகு வெள்ளையாகப் பொரி. வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் ஷூவில் ஒட்டியபோதுதான் புத்தி வந்தது.

எதிரே தகரக் கூரை. கீழே சாம்பல், உள்ளே இன்னும் கனல். மூங்கில் பாடை ஓரமாகக் கிடந்தது. மாலையில் பாதி கருகி, பாதி அப்படியே மணத்துக்கொண்டிருந்தது.

காலடி நின்றுவிட்டது. மயானத்தில் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவன் நான். பார்க்கவில்லை. நேற்று ராத்திரி போனில் அவன் குரல் இளைத்துக் கேட்டதும், வெறும் கேஸ் ட்ரபிள் என்று சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. இந்தப் பூ யாருக்கு?

எவ்வளவு நேரம் நின்றேனோ. பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏலே மாப்ளே. நீயாடா அது?"

அவன்தான். ஓட்டத்துக்கான ஷூ போட்டிருந்தான். வேர்த்து, முகம் சாம்பல் பூத்திருந்தது. எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"நீதானா இம்புட்டு நேரமும் பின்னாடி ஓடுனது?"

"பாட்டில வச்சிட்டுத் திரும்பி வந்து, வண்டிய நிழற்குடைக்குப் பின்னாடி மறைச்சு வச்சிட்டு, உன்னைய விட்டுப் பிடிச்சேன். போட்டியில ஓடிப்புடலாமான்னு பாக்கத்தான்."

"உன் பொண்டாட்டிக்கு நான் என்ன சொல்றது?"

"நீ சுடுகாட்டுக்குள்ள நிக்கிறதப் பாத்தேன்டா. கூப்புடச் சத்தம் வரல. செத்த நேரமா நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு" என்றான், அந்த மண்ணிலேயே உட்கார்ந்தபடி.

நான் அவன் மனைவிக்குப் போன் செய்தேன். கடையின் பூ வேனில் வந்து இறங்கினாள். திட்டவில்லை. "உங்கள நம்பித்தானண்ணே விட்டேன்" என்றாள். திட்டியிருக்கலாம். டிரைவரும் நானும் அவனைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தோம். அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வந்த வழியே நிழற்குடைக்குத் திரும்பிப் போய் மொபெட்டை எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு.

பிழைத்துக்கொண்டான். இன்றைக்கும் காலையில் போனால் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருப்பான். ஆனால் வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையில் சாவியை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னால், பேச்சை மாற்றிவிடுகிறான்.

"போட்டிக்கு நான் வரல மாப்ளே, நீ ஓடு. ஆனா ஒண்ணு. பம்புசெட்டுலயே எனக்கு நெஞ்சு அடச்சிருச்சு, நீ கெளம்புன பெறகும் ரொம்ப நேரம் அங்கனதான் உக்காந்திருந்தேன். அதுக்கு மேல நான் ஓடவே இல்ல, நடந்துதான் வந்தேன். திரும்பிப் பாக்காமப் போ."