எல்லாப் பாட்டும் எண்பத்தொன்பதில்

நீட்டிய டிக்கெட்டைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு காதைச் சாய்க்கிறார் சத்யராஜ். "இந்தப் பாட்டு ஒரு துளி தூக்கலா இருக்குதுங்க, தெரியலீங்களா?" நமக்குத் தெரியவில்லை. டிக்கெட் கைக்கு வரவேண்டுமே என்று தலையாட்டி வைக்கிறோம்.

ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகும் மினிபஸ்ஸின் கண்டக்டர் அவர். பென்டிரைவில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டு. பழைய பாட்டு முனகுகிறதே என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த குத்துப்பாட்டு பஸ்ஸையே தூக்கிப் போடும். ஒருநாள் வளைவில் அப்படி ஒன்று அலறியதில், எதிரே வந்த லாரியின் ஹாரன் டிரைவர் முனியப்பனுக்குக் கேட்கவில்லை. மயிரிழையில் தப்பினார்கள். "பாட்டால தொந்தரவுன்னு இன்னொருக்கா பேச்சு வந்துச்சு, செட்டைக் கழட்டிருவேன்" என்றார் முனியப்பன். சத்யராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டில்லாத பஸ்ஸில் ஏறுவதும் வீட்டில் படுத்துக் கிடப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

மச்சினனின் பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கினார். பாட்டுகளின் சத்தத்தை அளந்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் மென்பொருள் அதில் இருந்தது. அது தன் வேலையைத் தானே முடித்துவிடும். இவர் விடுவாரா? ஒவ்வொன்றாகக் கேட்டு மறுபடியும் திருத்தினார். "தாலாட்டோ குத்தோ, எல்லாம் எம்பத்தொம்பது டெசிபல்ல நிக்கோணுங்க."

"உங்க தொண்டையும் அதுல நிக்குமான்னு பாருங்க" என்றார் மனைவி பானு.

சாதித்துவிட்டார். பஸ்ஸில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவரும் பாராட்டவும் இல்லை என்பதில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான்.

வம்பு குப்பாயி அம்மாள் வடிவில் வந்தது. எஸ்டேட்டில் களையெடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அவர் இறங்கும் பலாமரத்து ஸ்டாப் வருவதற்குள் ஏதாவது ஒரு பாட்டு அலறி எழுப்பிவிடும். இப்போது எதுவும் அலறவில்லை. ஸ்டாப்பின் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டிய சத்யராஜும் தன் கைவண்ணத்தில் சொக்கி நின்றுவிட்டார். குப்பாயி கண் விழித்தது கடைசி ஸ்டாப்பில்.

"ஏஞ்சாமி, சீராத் தாலாட்டி இங்க கொண்டாந்து உட்டுட்டயே! என்ற ஊட்டுக்கு ஏத்தத்துல நீயா நடப்பே?"

முனியப்பன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன்னால் வைத்தார்.

"நாளைக்கு ஒருநாப் பாருங்கண்ணா" என்று கெஞ்சினார் சத்யராஜ்.

மறுநாள் பலாமரம் நெருங்கியதும் "பலாமரம், பலாமரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். குப்பாயி அசையவில்லை. பாட்டோடு பாட்டாக அதையும் கேட்டுத் தூங்கினார். முனியப்பன் கண்ணாடி வழியே பார்த்தார். சத்யராஜ் முன்னால் போய், பல்லவி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் செட்டின் பொத்தானை அமுக்கிப் பாட்டை நிறுத்தினார். பஸ்ஸே திடுக்கிட்டது போலிருந்தது.

"என்னாச்சு?" என்று பதறி எழுந்தார் குப்பாயி.

"உங்க ஊடு வந்துருச்சுங்கம்மா."

அவர் சோறு கொண்டுபோன தூக்குப்போசியைத் தேடி எடுத்து, இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றும்வரை, அந்தப் பொத்தானிலிருந்து சத்யராஜ் விரலை எடுக்கவில்லை.