மீன் கேட்ட கடத்தல்காரன்

தவரத்தினம் பாரிசில் லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்கு அருகே ஒரு பீட்சாக் கடையில் அடுப்பைப் பார்க்கிறவர். 2012 வசந்தத்தில், அந்தப் பகுதியில் சினிமாக் கழகம் நடத்தும் நீக்கிலாஸ் அங்கே சாப்பிட வந்தார். போகும்போது பழைய இத்தாலியக் குற்றப் படங்களின் விழாவுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு துறைமுகக் காட்சி. ஒட்டுத் தாடியுடன் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றான். கீழே, "அரபுக் கடத்தல்காரன். நடித்தவர் பெயர் தெரியவில்லை."

அது தவரத்தினத்தின் முகம்.

1978இல் அவர் கப்பல் தொழிலாளி. கப்பல் பழுதாகி இத்தாலியின் நாப்போலித் துறைமுகத்தில் நின்றபோது, படப்பிடிப்புக்காரர்கள் வந்து கறுத்த முகங்களாகப் பொறுக்கினார்கள். கானாக்காரர், துனீசியர், யாழ்ப்பாணத்தார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே தாடி. பெட்டி தூக்க வேண்டும், பிறகு இத்தாலியக் கதாநாயகனிடம் சூடு வாங்கிச் சாக வேண்டும். தவரத்தினத்துக்கு மட்டும் ஒரு வசனம் இருந்தது.

இதைப் பாரிசுக்கு வந்த நாள் முதல் சொல்லிவருகிறார். ஒருவரும் நம்பியதில்லை. ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கரிகாலன் அவரைக் கண்டால், "வாங்கோ ஹீரோ, இண்டைக்குச் சூட்டிங் இல்லையோ?" என்பார். மனைவி தில்லைநாயகியின் பதில் இன்னும் சுருக்கம்: "புளுகாதையுங்கோ."

இப்போது படமே வந்துவிட்டது. பெயரைப் போடும்படி தவரத்தினம் நீக்கிலாஸிடம் கேட்டார். அவர் தயங்கினார். மார்செய்யில் உள்ள ஒரு துனீசியக் குடும்பம் அதே முகத்தைத் தங்கள் காலமான தந்தை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. குரலை வைத்தும் தீர்மானிக்க முடியாது. அக்கால இத்தாலியப் படங்களுக்குக் குரலைப் பின்னர்தான் சேர்ப்பார்கள். திரையில் கேட்பது யாரோ ஓர் இத்தாலியர் கரகரத்துப் பேசும் அரபு.

வாய் அசைந்தால் போதும், எந்த மொழியிலும் பேசு என்றுதான் இயக்குநர் சொன்னாராம். தவரத்தினம் பேசியது தமிழ். என்ன பேசினார் என்பதை நீக்கிலாஸிடம் மட்டும் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அந்தக் காட்சியை ஒலியை நிறுத்தி ஒரு தமிழரிடம் காட்டி, உதடசைவைப் படிக்கவைக்கச் சொன்னார். தன்னை நம்பாத ஆளிடமே போகலாம் என்றார்.

சனிக்கிழமை கரிகாலன் கடையில், அரிசி மூட்டைமேல் நீக்கிலாஸின் மடிக்கணினி; தவரத்தினம் வாசலோரம் நின்றார். திரையில் தாடிக்காரன் கண்ணை உருட்டி, சத்தமில்லாமல் உறுமினான்.

"திருப்பிப் போடுங்கோ," என்றார் கரிகாலன். இரண்டாம் முறை அவருடைய உதடும் சேர்ந்து அசைந்தது. "அம்மாவாணை..."

மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தார். "அம்மாவாணைப் பசிக்குது எண்டெல்லோ சொல்லுறான்!"

"ஓம், ஓம். பிறகு... மீனைப் பொரியுங்கோவன்." கரிகாலன் நிமிர்ந்தார். "அடப் பாவி! துவக்கை நீட்டிக்கொண்டு மீனோ கேட்டனீ?"

"விடிய வந்தனான் அண்ணை, ஒருத்தனும் சாப்பாடு தரேல்லை. பக்கத்துப் படகிலை மீன் மணந்தது," என்றார் தவரத்தினம்.

கரிகாலன் அதைப் பிரெஞ்சில் சொன்னார். தவரத்தினம் முன்பு சொன்னதும் அதுவேதான். பெயரைப் போடுவதாக நீக்கிலாஸ் சொன்னார்.

ஆனால் தவரத்தினம் மடிக்கணினியை மூட விடவில்லை. மார்செய்க்காரர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், ஒரே தாடிக்குள் ஆளை மாறிப் பிடித்திருப்பார்கள் என்றார். தமக்குப் பின்னால் பெட்டியுடன் நின்று முதல் சூட்டிலேயே விழுகிறவனைக் காட்டினார். துனீசியன், பெயர் ஹபீப், இடது காது நுனி இல்லை. நீக்கிலாஸ் அங்கிருந்தே மார்செய்க்குத் தொலைபேசினார். பெயரும் சரி, காதும் சரி.

புதிய பிரசுரத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. படம் ஓடிய அன்று மார்செய்க் குடும்பமும் ரூ காய்க்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஹபீப் விழுந்தபோது மார்செய்க்காரர்கள் கைதட்டினார்கள். தவரத்தினம் விழுந்தபோது தில்லைநாயகி எழுந்து நின்றே தட்டினார். கதாநாயகனுக்குத் தட்ட அந்த வரிசையில் ஆளில்லை.