அரிசிக்குள் வைத்த தொலைபேசி

அன்ரெனாவை இழுத்து நீட்டக்கூடிய எந்தச் சாமானையும் போர் நடக்கும் ஊரில் வாங்காதீர்கள். மின்சாமான் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். எந்த நாட்டில் செய்தது, எத்தனை வருடம் உழைக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

திருகோணமலையில் அந்த வருடங்களில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் வெறும் எழுதுவினைஞர். ஆனால் எங்கள் ஒழுங்கையில் என்னைக் கேட்காமல் யாரும் ஓர் அயன் பெட்டிகூட வாங்கமாட்டார்கள். செத்த பற்றரியை வெயிலில் காயப்போட்டால் இன்னும் இரண்டு நாள் செய்தி கேட்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். சென்றிப் பொயின்ருக்கு, அதாவது ஆமியின் காவலரணுக்கு, கிட்டப் போகும்போது ரோச் லைற்றிலிருந்து பற்றரியைக் கழற்றித் தனியாகக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான்.

இப்படிப்பட்ட அறிவாளி, கட்டாரிலிருந்து திரும்பிய கிண்ணியாக்காரர் ஒருவரிடம் வயரில்லாத தொலைபேசி ஒன்றை வாங்கினேன். அடிப்பெட்டி விறாந்தை மேசையில் இருக்கும். கைபேசியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போய்க் கதைக்கலாம். கறுப்பு நிறம், செங்கல் தடிப்பு, முழங்கை நீளத்துக்கு அன்ரெனா. ஆமிக்காரர் தோளில் கொழுவியிருக்கும் வயர்லெஸ் பெட்டியைப் போலவே இருக்கும். இந்தக் கடைசி விசயம் என்னைத் தவிர ஒழுங்கையில் எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தார். ஒழுங்கையில் எங்களைத் தவிர அவரிடம் மட்டும்தான் தொலைபேசி இருந்தது.

"தம்பி, உதை உள்ளுக்கு வைச்சுக் கதையுங்கோவன். தூரத்தில நிண்டு பார்த்தா நீங்கள் ஆருக்கோ ஓடர் குடுக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஓம் ரீச்சர். ஒரு றாத்தல் பாணுக்கு ஓடர் குடுக்கிறன்."

அவர் சிரிக்கவில்லை.

அப்போது என் மனைவியின் தம்பி எங்களோடு இருந்தான். முப்பது வயது தாண்டியவன், வெருகல் பக்கத்துக் கடற்தொழிலாளி. தூண்டில் ஈயம் தெறித்து வலது கண் பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் புதன்கிழமை வெட்டி ஒப்பரேசன் செய்வதாக நாள் கொடுத்திருந்தார்கள். பிந்தினால் கண் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இயக்கத்தின் கையில் இருந்த அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஆம்பிளையை ஊரில் இரண்டு தரம் பார்ப்பார்கள். புதன் வரைக்கும் எங்கள் வீட்டில் தங்கலாம் என்று பொலிஸ் பதிந்து கொடுத்த துண்டை அவன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு படுப்பான்.

"இது எவ்வளவு தூரம் இழுக்கும் அத்தான்?" என்று கேட்டான்.

"கிணத்தடி மட்டும்."

"கிணத்தடிக்கு அக்கா கூப்பிட்டாலே கேக்குமே."

சனிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் நின்று சிநேகிதர் ஒருவருக்கு எடுத்தேன். அவருக்குச் சொல்லிவைத்திருந்த சீலிங் ஃபான் வந்திருந்தது. "சாமான் வந்திட்டுது. நாளைக்கு உங்கட இடத்தில பொருத்துவம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ," என்றேன். தெரிந்தால் ஒழுங்கை முழுக்க எனக்கும் ஒன்று என்று வந்து நிற்கும்.

வைத்துவிட்டு மறுபடி எடுத்தபோது வழக்கமான இரைச்சல் இல்லை. இரண்டு ஆண்குரல்கள் சிங்களத்தில் இலக்கங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன. ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொன்னார். திடீரென்று இரண்டும் நின்றன. அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. நான் மூச்சு விடவில்லை. துறைமுக வாயில் பக்கமிருந்து ரோந்துப் படகின் சத்தம் வந்தது. அது தினமும் வருகிற சத்தம்தான். அன்றைக்கு என் பெயரைக் கேட்டு வருவதுபோல் இருந்தது.

"அவங்கட கதை எனக்குக் கேக்குதெண்டா, என்ர கதை அவங்களுக்கும் கேக்கும்," என்றேன் மனைவியிடம்.

"என்ன கதைச்சனீங்கள்?"

சொன்னேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "ஃபானெண்டு ஒரு சொல்லுச் சொல்லேலாமப் போச்சோ உங்களுக்கு?"

ஊருக்கெல்லாம் பற்றரி கழற்றப் பாடம் எடுத்தவன் முதலில் கைபேசியின் பற்றரியைத்தான் கழற்றியிருக்க வேண்டும். அதை ஒரு சின்னத் திருகாணி பிடித்திருந்தது. என்னிடம் ஏழு திருப்புளிகள் இருந்தன. ஏழையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆணியில் பிடிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் குசினியில் அரிசித் தகரத்துக்குள் முழங்கை வரைக்கும் விட்டுப் புதைத்தேன். மச்சான் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெல்லு முளைக்கும். உது முளைக்காது அத்தான்."

ஞாயிறு விடிய ஒழுங்கை வாயிலில் ஜீப் வந்து நின்றது. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே அடையாள அட்டையோடு நிற்கும்படி ஒலிபெருக்கி சொன்னது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நடக்கிற சுற்றிவளைப்புத்தான். என்றாலும் முழுப் படையும் என்னுடைய சீலிங் ஃபானைத் தேடியே புறப்பட்டு வந்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார்கள். மச்சானின் துண்டைப் பார்த்தார்கள். கண்ணில் போட்டிருந்த கட்டை விலக்கிக் கண்ணையும் பார்த்தார்கள். சரி என்று அதிகாரி தலையாட்டினார். திரும்புகிற நேரத்தில் மேசையிலிருந்த அடிப்பெட்டியின் சிவப்பு வெளிச்சம் அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்த ஒரே பொத்தானை அமத்தினார்.

கைபேசியை எங்கேயாவது மறந்து வைத்தால் கண்டுபிடிப்பதற்கான பொத்தான் அது. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் நான் பெருமையாக அமத்திக் காட்டியது. குசினியில் அரிசித் தகரம் கீச்சிடத் தொடங்கியது.

ஒரு சிப்பாய் துவக்கை மச்சானின் நெஞ்சுக்கு நேரே திருப்பினான், எனக்கு அல்ல. போய் எடு என்று அவனைத்தான் குசினிக்கு அனுப்பினார்கள். சிப்பாய்கள் பின்னால் போனார்கள். பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார்: "இதை ஏன் அரிசிக்குள்ள வைச்சது?"

பயத்தில் என்று ஒரு சொல் போதும். என் வாய்க்கு அது வரவில்லை. "ஈரம் சேர். கடற்காத்தில உள்ளுக்கு ஈரம் பிடிக்கும். அரிசி ஈரத்தை இழுத்துப்போடும். கமராவையும் இப்பிடி வைக்கலாம்," என்றேன். உபயோகமான யோசனைதான். நான் இன்றைக்கும் சொல்வதுண்டு.

பொலிஸ்காரர் குசினிக்குப் போய் அதே கேள்வியை மச்சானிடம் கேட்டுவிட்டு வந்தார். அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இது தொலைபேசிதான் என்று காட்டு என்றது அடுத்த கட்டளை. எனக்குப் பாடமாயிருந்தது ரீச்சரின் இலக்கம் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது எங்களுக்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்து, யார் அது என்று சிங்களத்தில், "கவுத?" என்று அதட்டினார்கள். ரீச்சர் வீட்டைச் சோதித்துக்கொண்டிருந்த சிப்பாய். அதிகாரி கைபேசியைப் பறித்து, தான் யார் என்று சொன்னார். அந்தப் பக்கம் சப்பாத்துக்கால் சேர்த்துச் சலூட் அடித்த சத்தம் வேலி தாண்டி வந்தது. அதிகாரி சிரித்தார். நான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.

பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. "ஒராள் ஈரமெண்டு சொல்றார். மற்றாள், அத்தான் பயத்தில ஒளிச்சவரெண்டு சொல்றார். இதில ஆர் பொய்?"

வாழ்க்கை முழுவதும் ஓயாத என் வாய் அந்த இடத்தில் ஓய்ந்தது. மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"நான்தான் தெரியாமச் சொல்லிப்போட்டன். அத்தான் சொன்னது சரி."

அவனை விசாரிக்கவென்று பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். கைபேசியும் போனது. மத்தியானம் வரைக்கும் நான் வாசலில் நின்றேன். பிறகு பொலிசுக்குப் போய், பொய் சொன்னவன் நான்தான் என்று சொன்னேன். மேசையில் இருந்தவர், எழுதியாயிற்று, திருத்த ஏலாது என்றார். பின்னேரம் மச்சான் நடந்தே வந்தான். எங்கள் வீட்டில் தங்கலாம் என்ற துண்டில் புதன்கிழமையைச் சிவப்பு மையால் வெட்டித் திங்கள் என்று போட்டிருந்தது.

திங்கள் விடிய, ஊருக்குத் திரும்ப, மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குக் கூட்டிப்போனேன். ஜெற்றியில் அவனுடைய பையைக் கையில் கொடுத்தேன். அவன்தான் என் தோளில் தட்டினான்.

"யோசியாதையுங்கோ அத்தான். அங்க சண்டை மட்டும்தான். உங்கட சாமான் ஒண்டும் இல்லை."

மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர அவனுக்கு ஏழு மாதம் பிடித்தது. டொக்டர் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, இனி வெட்டிப் பிரயோசனம் இல்லை என்றார்.