படமும் எழுத்தும் ஒரே பட்டனில்

ஏற்காட்டில் வாடகை ஜீப் கூப்பிடுகிறவர்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தேன். அதில் முக்கியமானது ஒரே ஒரு பட்டன். இடதுபக்கம் சின்ன ஜீப் படம், பக்கத்தில் ‘ஜீப் கூப்பிடு’ என்ற எழுத்து. பார்த்துச் சொல்லும்படி ஏழெட்டுப் பேருக்கு அனுப்பினேன். ஒருவரைத் தவிர எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

மலையிலேயே கொட்டச்சேடு கிராமத்தில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும், என் வயதுள்ள ஒரு பெண் மட்டும் பஜாருக்கு வந்தபோது என்னைத் தேடி வந்து தன் போனை நீட்டினார்.

“ஏனுங்க, இதுல படத்தைத் தொடறதுங்களா, எழுத்தைத் தொடறதுங்களா?”

பார்வைக் குறைவால் அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அதனால் என் எழுத்து இரண்டு வரியாக மடங்கி, அடிப்பகுதி அறுபட்டிருந்தது. படம் மேல் மூலையில் தனியாக நின்றது.

“எதைத் தொட்டாலும் ஒண்ணுதாங்க,” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கு நொம்ப நேரம் தெரியலீங்களே.”

அன்று மாலையே எழுத்துக்கு ஏற்றபடி பட்டன் உயர்ந்துகொள்ளும்படி மாற்றி, படத்தை எழுத்தின் நடுவுக்கு நேராக நிறுத்தினேன். மறுவாரம் அவரே அதைத் தொட்டு ஜீப்பை வரவழைத்து, சேலத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

மற்றவர்கள் என் மனம் நோகக்கூடாதென்று குறை சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் மலைப்பாதையில் பஸ் ஏறி வந்து கேட்டார். அன்று வெட்கத்தில் நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. பிறகு சொன்னபோது, “இதுக்கெல்லாமுங்களா?” என்று சிரித்தார்.